கந்தக-அயோடின் சுழற்சி: தாளில் அழகு, குழாயில் வில்லங்கம்

தண்ணீரை வெறும் சூட்டால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைக்க 2,500 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். அதைத் தாங்கும் கலன் கிடைப்பது அரிது. பிரிந்த வாயுக்கள் மீண்டும் சேராமல் தடுப்பது அதைவிடப் பெரும்பாடு. அந்த வேலையைப் பல படிகளாகப் பிரித்து, குறைந்த சூட்டிலேயே முடிப்பதுதான் வெப்பவேதிச் சுழற்சி. 1970களில் அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய கந்தக-அயோடின் முறை இவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது. அயோடினும் கந்தக டை ஆக்சைடும் தண்ணீரோடு 120 டிகிரி வாக்கில் வினைபுரிந்து ஹைட்ரஜன் அயோடைடு, கந்தக அமிலம் என்ற இரண்டு அமிலங்களாகின்றன. முதலாவது 450 டிகிரி அளவில் சிதைந்து ஹைட்ரஜனையும், மற்றது 850க்கு மேல் சிதைந்து ஆக்சிஜனையும் தருகின்றன. அயோடினும் கந்தக டை ஆக்சைடும் திரும்பக் கிடைத்துவிடுவதால் செலவாவது தண்ணீர் மட்டுமே.

மின்சாரத்தின் தயவு பெரிதாகத் தேவையில்லை என்பதே இதன் பலம். இன்றைய அணுமின் நிலையங்களில் வெப்பத்தின் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது; அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பில் அதிலும் ஒரு பகுதி போய்விடும். ஆனால் ஆதரவாளர்கள் இங்கே கொஞ்சம் சலுகை எடுத்துக்கொள்கிறார்கள். 900 டிகிரி தரும் அணு உலை கையில் இருந்தால், அதைக் கொண்டு மின்சாரத்தையும் இன்றைய நிலையங்களைவிடச் சிக்கனமாக எடுக்கலாமே! ஒப்பிட வேண்டியது அந்த மின்சாரத்தோடுதான். அப்போது இடைவெளி வெகுவாகச் சுருங்குகிறது.

மிச்சமிருக்கும் ஆதாயத்தையும் அயோடின் தின்றுவிடுகிறது. இரண்டு அமிலங்களும் தனித்தனி அடுக்குகளாகப் பிரிய வேண்டுமானால் அயோடினையும் தண்ணீரையும் தேவைக்குப் பல மடங்கு கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அந்த உபரியை ஒவ்வொரு சுற்றிலும் சூடாக்கி, பிரித்து, திருப்பி அனுப்ப வேண்டும். ஹைட்ரஜன் அயோடைடோ தண்ணீரோடு கொதிநிலை மாறாக் கலவையாக ஒட்டிக்கொள்ளும். சாதாரண வடித்தலில் பிரியாது. பிரித்தெடுத்தாலும் ஒரு முறையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் சிதைகிறது. அயோடின் 114 டிகிரிக்குக் கீழே உறைந்து குழாயை அடைக்கும். கொதிக்கும் கந்தக அமிலத்துக்குச் சாதாரண எஃகு ஈடுகொடுக்காது. சிலிக்கன் கார்பைடு போன்ற பீங்கான்கள் தேவை. வேதியியல் 1970களிலேயே தேறிவிட்டது, திணறுவது பொறியியல்.

ஜப்பான் அணுசக்தி முகமை 2019இல், உலையோடு இணைக்காத தனிச் சோதனை நிலையத்தில், இந்தச் சுழற்சியை 150 மணி நேரம் தொடர்ந்து ஓட்டியது. மணிக்குச் சுமார் 30 லிட்டர் ஹைட்ரஜன் வந்தது. ஆலைகளில் பயன்படும் பொருட்களால் கட்டிய நிலையம் என்பதால் அது மெய்யான சாதனையே. ஆனால் மொத்த விளைச்சலை எடைபோட்டால் ஏறத்தாழ 400 கிராம். ஒரு ஹைட்ரஜன் காருக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடப் போதும்.

மாற்றாகச் சொல்லப்படும் செம்பு-குளோரின் சுழற்சிக்கு 530 டிகிரி வாக்கில் போதும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அதன் ஒரு படிக்கு மின்சாரம் வேண்டும்.

மின்னாற்பகுப்பின் பெரிய அனுகூலத்தை வெப்பத் திறன் கணக்குகள் காட்டுவதில்லை: சிறிய அலகுகளைத் தொழிற்சாலையில் செய்து, தேவைக்கேற்ப அடுக்கிக்கொண்டே போகலாம். வெப்பவேதி ஆலையைச் சிறிதாகக் கட்டினால் கட்டுப்படியாகாது. பெரிதாகக் கட்டவோ இதுவரை யாரும் துணியவில்லை.

ஓஅராய் நகரில் 950 டிகிரி வரை வெப்பம் தந்த உலையை வைத்திருக்கும் ஜப்பானும், அதோடு முதலில் இணைக்கத் தேர்ந்தெடுத்தது இந்தச் சுழற்சியை அல்ல. மீத்தேனை நீராவியால் சிதைக்கும் பழைய முறையை.