சாயமும் நூலும்

அரூப ஓவியத்தின் முன் நிற்போர் முதலில் கேட்பது, "இது என்ன?" என்பதே. ஆர்ஷில் கார்க்கி 1944இல் தீட்டிய ஓர் ஓவியம் அக்கேள்விக்குத் தன் பெயரிலேயே விடை வைத்திருப்பதுபோல் தோன்றும். 'என் தாயின் பூவேலை ஏப்ரன் என் வாழ்வில் எவ்வாறு விரிகிறது' என்பது அதன் பெயர். அமெரிக்காவின் சியாட்டில் கலைக்கூடத்திலுள்ள அப்படத்தில் ஏப்ரனைத் தேடுவோர் ஏமாறுவர். அங்கே துணியுமில்லை, தாயுமில்லை.

இருப்பவை நிறமும் கோடும். டர்ப்பன்டைன் கலந்து நீராய் இளக்கிய வண்ணங்கள் கித்தானில் பரவிக் கீழ்நோக்கி வழிகின்றன. கருங்கோடுகளோ இதழ் போலவும் உடலுறுப்புப் போலவும் ஏதோ ஒன்றை வரையத் தொடங்கி, முடிக்காமலே விலகிவிடுகின்றன. நிறம் கோட்டுக்குள் அடங்கவில்லை. கோடும் நிறத்துக்கு வேலியாகவில்லை. பல்லாண்டுகள் செசானையும் பிக்காசோவையும் அடியொற்றிப் பயின்ற கைக்கு இது பெரும் விடுதலை. வண்ணத்தை இளக்கும்படி தூண்டியவர் சக ஓவியர் மாத்தா என்பர். 1943 கோடையில் வர்ஜீனியாவின் பண்ணையொன்றில் புல்வெளியில் அமர்ந்து வரைந்த பழக்கமும் துணை செய்தது.

கார்க்கி, வான் ஏரிக்கரைச் சிற்றூரில் பிறந்த ஆர்மீனியர். உஸ்மானியப் பேரரசில் ஆர்மீனியர் கொன்றொழிக்கப்பட்ட 1915இல் குடும்பம் ஊரைவிட்டு ஓடியது. 1919இல் எரவானில் தாயார் ஷுஷான் பசியால் மடிந்தார். மறு ஆண்டு அமெரிக்கா சேர்ந்த மகன், இயற்பெயரை மறைத்து ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியின் உறவினர் என்றே சொல்லிக்கொண்டார்.

தாயும் மகனும் 1912இல் எடுத்துக்கொண்ட நிழற்படம் ஒன்று எஞ்சியது. அதில் தாயின் ஏப்ரன் நிறையப் பூக்கள். அப்படத்தைப் பார்த்து அவர் 1926 முதல் பல்லாண்டுகள் உழைத்துத் தீட்டிய இரு உருவப்படங்களிலோ பூ ஒன்றுகூட இல்லை. ஏப்ரன் வெளிறிய வெற்றுப் பரப்பாகவே நிற்கிறது. முகத்தை அத்தனை நுணுக்கமாய்த் தீட்டியவருக்குப் பூக்கள் கைவராமற் போயிருக்குமா? உருவப்படம் ஏற்க மறுத்ததை, உருவமற்ற படம் ஏற்றுக்கொண்டது என்பதே என் கருத்து.

பூவேலையில் நூலே கோடு, நூலே நிறம். ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது. இப்படத்தில் அவை பிரிந்துவிட்டன. சாயம் போன துணியைத் துவைத்தவர் எவரும் இதை அறிவர்: நிறம் தண்ணீரோடு ஓடிவிட, தையல் மட்டும் தங்கும். வழியும் வண்ணத்தைக் கண்ணீர் என்று சிலர் எளிதாய்ச் சொல்லிவிடுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுகைக்கு இத்தனை ஒளியும் துள்ளலும் ஏது?

பெயரைப் பற்றியும் சற்று எச்சரிக்கை வேண்டும். அந்நாட்களில் கார்க்கியின் படங்கள் சிலவற்றுக்குப் பெயரிடக் கவிஞர் பிரெத்தோன் உதவியதுண்டு. ஆகவே பெயரை மட்டும் நம்பிப் படத்தைப் படிப்பது பிழையாகும். தாயின் கதையை அறியாதவர் இங்கே ஏப்ரனைக் காணமாட்டார். ஆயினும் நிறம் தன் கோட்டைவிட்டுப் போய்க்கொண்டிருப்பதை அவரும் காண்பார்.