தாம்பரம் வட்டாரத்து ‘அனாலிசிஸ்’ வழிகள்

ஆங்கில வாக்கியத்தைப் பிரித்தறியும் ‘அனாலிசிஸ்’ பற்றி, எங்கள் சங்கத்தின் மலர்க்குழுப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதப்படும் கட்டுரை இது. சிம்பிள் வாக்கியத்தில் முற்றுவினை ஒன்று; காம்பவுண்டில் இணையான தொடர்கள்; காம்ப்ளெக்ஸில் முதன்மைத் தொடரும் சார்புத் தொடரும். இவற்றைக் கற்பிக்கும் வழிகள் பல; யார் எந்த வழியில் வந்தவர் என்பது சங்கத்தில் தெரிந்ததே.

1937இல் சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் வந்தபோது, பள்ளி ஆங்கில இலக்கணத்தில் நெஸ்ஃபீல்டின் நூலுக்கு இருந்த செல்வாக்கு குறையவில்லை. ரென்–மார்ட்டின் இலக்கண நூல் வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இரண்டும் ஒரே வழிதான்: வாக்கியத்தைப் பிரி, ஒவ்வொரு க்ளாஸும் (தொடரும்) என்ன வேலை செய்கிறது என்று சொல். அடுத்து வந்தது அமைப்பு வழி. ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் ஹார்ன்பியின் 1954ஆம் ஆண்டு நூல் 25 வினை அமைப்புகளை வகுத்தது. விதி சொல்லாமல் அமைப்பைப் பழக்கும் முறை பள்ளிகளுக்கு வந்தது. 1979 முதல் 1984 வரை மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் நடத்திய கற்பித்தல் சோதனையில் இலக்கணப் பாடமே இல்லை. மாணவர் கணக்கும் வரைபடமும் போட்டு மொழியைப் பிடித்தார்கள். எம்.ஏ. படித்தவர்கள் இலக்கண அறிஞர் குவர்க்கின் ஏழு க்ளாஸ் வகைகளைச் சொல்வார்கள். எல்லா வழியிலும் நல்ல ஆசிரியர்கள் உண்டு.

இக்கட்டுரையாளர் முதல் வழிக்காரர். குரோம்பேட்டையில் ஓய்வுக்குப் பிறகும் மாலை வகுப்பு நடத்திய ஒரு சாரிடம் பயின்றவர். வாக்கியத்தைப் பலகையில் எழுதியதும் சார் கேட்பது ஒன்றே: “முற்றுவினை எத்தனை?” முற்றுவினைகளுக்கு அடிக்கோடு போட்ட பிறகுதான் மற்ற பேச்சு. ‘ஐ டோன்ட் நோ வென் ஹீ வில் கம்’ என்பதில் ‘வென்’ தொடங்குவது நவுன் க்ளாஸ், ‘நோ’வின் செயப்படுபொருள். ‘தி டே வென் ஹீ கேம்’ என்றால் அட்ஜெக்டிவ் க்ளாஸ். ‘வென் ஹீ கம்ஸ், ஐ வில் கோ’ என்றால் அட்வெர்ப் க்ளாஸ். வருங்காலத்தைச் சொன்னாலும் அங்கே ‘வில்’ வராது. சொல் ஒன்று, வேலை மூன்று. வேலை தெரியாதவன் ‘வென் ஹீ வில் கம், ஐ வில் கோ’ என்று எழுதுவான். பிழை எங்கே என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

இன்று சில இடங்களில் (யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, பாடச்சுமையும் நெருக்கடியும் புரிகின்றன) ஓர் அட்டவணை மட்டும் தரப்படுகிறது: ‘தோ’ இருந்தால் காம்ப்ளெக்ஸ், ‘பட்’ இருந்தால் காம்பவுண்ட், ‘இன் ஸ்பைட் ஆஃப்’ இருந்தால் சிம்பிள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் ‘ஆல் பட் ஒன் பாஸ்டு’ என்ற வாக்கியத்திலும் ‘பட்’ இருக்கிறது. முற்றுவினை ஒன்றே, ஆகவே அது சிம்பிள். ‘இஃப்’புக்குப் பின் ‘வில்’ கூடாது என்று மனப்பாடம் செய்த பிள்ளை, ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்’ என்ற சரியான வாக்கியத்தையும் அடித்துவிடுகிறது. இந்தப் பிள்ளைகள்தான் நாளை வங்கிக்கு விண்ணப்பமும், அலுவலகக் குறிப்பும், நீதிமன்ற மனுவும் எழுதப்போகிறார்கள். எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம் கிடக்கும் கடிதங்கள் இப்போதே வருகின்றன. தமிழில் எச்சத்துக்கும் முற்றுக்கும் வேறுபாடு காணாத தலைமுறையே உருவாகிறது. ஒரு வாக்கியத்தை முழுதாக நினைத்து முடிக்கும் ஆற்றலே போய்க்கொண்டிருக்கிறது. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை வீதிக்கு வீதி ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ பலகை தொங்கியும் இந்த நிலை.

மூத்த உறுப்பினர்கள் இருக்கும்போதே ஒன்று செய்யலாம். மாதக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து, செய்தித்தாள் வாக்கியம் ஒன்றைப் பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டலாம். அமைப்பு வழிக்காரர்களும் வந்து அதே வாக்கியத்தைத் தங்கள் முறையில் காட்டட்டும். சுண்ணக்கட்டியும் பலகையும் சங்க அறையிலேயே இருக்கின்றன.