‘அந்த நாள்’ படத்தின் முடிவு

ஏவி.எம். நிறுவனத்தார் 1954-இல் வெளியிட்ட ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டும் நடனமும் இல்லாத தமிழ்ப் படம் என்றே பலரும் போற்றுவர். எஸ். பாலசந்தர் இயக்கிய இப்படத்தின் முடிவைக் குறை கூறுவாரும் உளர். அக்குறை பொருந்துமா என்று பார்ப்போம்.

1943 அக்டோபர் 11-இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நிகழ்ச்சியை ஒட்டியது கதை. வானொலிப் பொறியாளன் ராஜன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறான். தம்பி பட்டாபி, அவன் மனைவி ஹேமா, ராஜனின் காதலி அம்புஜம், அண்டை வீட்டுச் சின்னையா பிள்ளை ஆகியோர் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்துகின்றனர். இறுதியில் ராஜனின் மனைவி உஷா உண்மையைச் சொல்கிறாள். கணவன் நாட்டின் இரகசியங்களை ஜப்பானியருக்கு விற்றான். தடுக்கத் துப்பாக்கியை நீட்டினாள். மனம் இளகிச் சுடாது விட எண்ணினாள். ஆனால் அவளை அறியாமலே குண்டு பாய்ந்தது.

“மனைவி கணவனைக் கொல்வதா என்று மக்கள் சினப்பர் என அஞ்சி, கொலையை விபத்தாக்கிவிட்டனர்” என்பது குறை கூறுவார் வாதம். நாம் அவ்வாறு கருதவில்லை. துப்பாக்கியை எடுத்தபோதே உஷா தன் கடமையைத் தேர்ந்துவிட்டாள். கை தவறியது அவளை விடுவிக்கவில்லை. அன்பு அப்போதும் அற்றுப்போகவில்லை என்பதையே காட்டுகிறது. கடமையும் அன்பும் ஒருசேர நின்ற நெஞ்சுக்கு வேறு முடிவு ஏது?

பினாங்கு வாசகருக்கு இதில் மேலும் ஒரு வினா உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகளுக்கு இலக்கானது நம் ஜார்ஜ் டவுன். மறு ஆண்டே, இங்குப் பயிற்சி பெற்ற இந்திய இளைஞர்கள் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலேறி இந்தியக் கரையில் இறங்கினர். அவர்களுள் வக்கம் அப்துல் காதரும் தோழர் சிலரும் 1943 செப்டம்பர் 10-இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். படம் சுட்டும் அந்த நாளுக்குச் சரியாக 31 நாள் முன்பு! அவர்களைத் தியாகிகள் என்கிறோம். ராஜனை மட்டும் துரோகி என்பது எவ்வாறு?

விடை படத்திலேயே உண்டு. தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்பதே ராஜனின் குறை. பட்டாபி சொத்தில் பங்கு கேட்பதும், ராஜன் நாட்டிடம் புகழ் கேட்பதும் ‘எனக்குச் சேர வேண்டியது’ என்ற ஒரே கணக்குத்தான். காதர் போன்றோர் தமக்கென எதையும் கேட்கவில்லை, உயிரையே கொடுத்தனர். அவ்வீட்டிலும் தனக்கென ஒன்றும் வேண்டாதவள் உஷா ஒருத்தியே. துப்பாக்கியை அவள் கையில் கொடுத்த பொருத்தம் இப்போது விளங்கும்.

கணவனுக்காக அரசனிடம் நீதி கேட்டாள் கண்ணகி. நாட்டுக்காகக் கணவனிடமே நீதி கேட்க நேர்ந்தது உஷாவுக்கு. சிலப்பதிகாரம் பயிற்றும் ஆசிரியர்கள் இவ்விருவரையும் ஒப்பிட்டு எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம்.