எந்த மாயாவி? காமிக்ஸ் மறுதொடக்கமும் தொடர்ச்சிச் சிக்கலும்

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களில் சிலர் தமிழ்க் காமிக்ஸைத் தேடிப் படிக்கிறார்கள். தமிழாசிரியருக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? ஆனா, அதில் பலர் இரண்டு மூன்று புத்தகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மொழி கடினம் என்பதால் இல்லை. "எங்கிருந்து ஆரம்பிக்கணும்னே தெரியலை டீச்சர்" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம்.

அந்தக் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984-இல் தொடங்கிய ராணி காமிக்ஸிலும் ஒரு மாயாவி உண்டு. இவர் காட்டில் குதிரையில் வரும் முகமூடி வீரர். இரண்டு பேரும் வேறு வேறு ஆள். அதோடு முடிந்ததா? ராணி காமிக்ஸ் 'மாயாவி' என்று அழைத்த முகமூடி வீரரைத்தான் முத்து காமிக்ஸ் வாசகர்கள் 'வேதாளர்' என்று அறிவார்கள். ஒரு பெயரில் இரண்டு ஆள், ஒரு ஆளுக்கு இரண்டு பெயர். புதிய வாசகன் வாசலிலேயே தடுக்கி விழுகிறான்.

அடுத்தது கதையின் சிக்கல். இரும்புக்கை மாயாவியின் மூலம், 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் வந்த தொடர். நாயகன் லூயிஸ் கிராண்டேல், ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். தொடக்கத்தில் இந்தச் சக்தியை அவன் குற்றம் செய்யவே பயன்படுத்துகிறான். உளவுப் படையில் சேர்ந்து நன்மைக்காகப் போராடுவது பிறகுதான். ஸ்பைடரும் அப்படியே. குற்ற உலகின் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டவன், பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடுகிறான்.

ஆக, முன்கதையைப் படித்தவனுக்கு மாயாவி திருடன், பின்கதையைப் படித்தவனுக்கு அவரே நாயகர். இது ஆசிரியர் செய்த தவறா? இல்லை. இது பாத்திர வளர்ச்சி. இங்கேதான் மாணவர்கள் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் மாறியதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருந்தால் அது வளர்ச்சி. காரணமே இல்லாமல் மாறினால் அது முரண்.

முரணுக்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டிசி நிறுவனம். 2011-இல் அது தன் கதையுலகத்தையே அணைத்து மறுபடி போட்டது. 52 இதழ்கள், எல்லாம் ஒன்றாம் எண்ணிலிருந்து. புதியவர்கள் பயமில்லாமல் உள்ளே வரலாம் என்பதுதான் நோக்கம். சூப்பர் ஹீரோக்கள் உலகத்துக்குத் தெரியவந்து ஏறக்குறைய ஐந்தாண்டுதான் ஆகிறது என்றும் வைத்தார்கள். சூப்பர்மேனுக்கு லோயிஸுடன் நடந்த திருமணம் அழிந்தது. ஆனால் பேட்மேனின் பழைய கதைகளில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. அடுத்தடுத்து வந்த ராபின்கள், போதாததற்குப் பத்து வயது மகன் வேறு! இத்தனையும் ஐந்தாண்டுக்குள் எப்படி அடங்கும்?

கணக்கு இடித்தது மட்டுமல்ல குறை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்யாமலே வீட்டை இடித்துக் கட்டினார்கள் என்பதே பெரிய குறை. 2016-இல் இன்னொரு மாற்றம் வந்தபோது, மனைவியும் மகனும் உள்ள பழைய சூப்பர்மேன் மறுபடி நடுவுக்கு வந்தார். வாசகர்கள் இழந்ததாக உணர்ந்தது தேதிகளை அல்ல, உறவுகளை.

நம் நாயகர்களுக்கும் ஒரு மறுதொடக்கம் நடந்தது. 2005-06-இல் வந்த 'ஆல்பியன்' என்ற ஆறு இதழ்த் தொடர் அது. கதைத்திட்டம் ஆலன் மூர். எழுதியவர்கள் லியா மூர், ஜான் ரெப்பியன். இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், ரோபோ ஆர்ச்சி என்று தமிழ் வாசகர்கள் சிறுவயதில் கொண்டாடிய ஆட்கள் இதில் ஒரே உலகத்தில் வருகிறார்கள். பழைய காமிக்ஸ் நாயகர்களும் வில்லன்களும் உண்மையாகவே வாழ்ந்தவர்கள், அரசாங்கம் அவர்களை இரகசியச் சிறையில் அடைத்து வைத்திருக்கிறது என்பதே கதைக்கரு.

இதன் பலம், பழையதை அழிக்கவில்லை என்பது. நாயகர்கள் வயதாகி, தங்கள் பழைய நாட்களைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். டிசி செய்யத் தவறியதை இது செய்தது. பலவீனமும் அதே இடத்தில்தான். பழைய இதழ்களைப் படிக்காதவனுக்குப் பாதிப்பேர் யாரென்றே தெரியாது. தெரிந்தவனுக்கு விருந்து, தெரியாதவனுக்குப் பூட்டிய கதவு. மறுதொடக்கம் என்ற வகையில் இது பாதி வெற்றி என்றே சொல்வேன்.

இரண்டையும் சமாளித்த ஒருவர் உண்டென்றால் அவர் வேதாளர். 1936-இல் லீ பால்க் உருவாக்கிய இந்தப் பாத்திரம் தனியொரு மனிதர் அல்ல, ஒரு பரம்பரை. தந்தை இறந்ததும் மகன் அதே முகமூடியை அணிகிறான். காட்டு மக்கள் அவரைச் சாவே இல்லாதவர் என்று நம்புகிறார்கள். இப்போதிருப்பவர் 21-ஆவது வேதாளர். மறுதொடக்கம் கதைக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள். ஆள் மாறலாம், எடுத்த சபதம் மாறாது. புதிய வாசகன் தெரிந்துகொள்ள வேண்டியதும் அந்த ஒன்றைத்தான். முன்கதைகளில் ஆசியப் பக்கம் இருந்த அவருடைய காடு பிறகு ஆப்பிரிக்காவுக்கு இடம் மாறியது. பின்னணியில் இது பெரிய முரண்தான். ஆனாலும் கதை உடையவில்லை, ஏன்னா பாத்திரத்தின் வேர் ஆடவில்லை.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இதில் என்ன பயன்? பழைய கதையை மறுபடி சொல்வது நம் இலக்கியத்துக்குப் புதிதில்லை. வால்மீகியில் அகலிகை கல்லாகவில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள். கம்பனில் கல்லாகிக் கிடந்து, இராமனின் பாதத்துகள் பட்டு எழுகிறாள். இதில் எது சரி என்று கேட்பது திறனாய்வு ஆகாது. கம்பன் ஏன் மாற்றினான், அதனால் இராமனின் பாத்திரப்படைப்புக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதே திறனாய்வு. கேள்வி கம்பனைப் பற்றி இருக்கும்போது வால்மீகியையும் தொலைக்காட்சித் தொடரையும் கலந்து எழுதினால், ஐந்தாண்டுக்குள் அத்தனை ராபின்களைத் திணித்த கதையாகிவிடும்.

எந்த மறுபடைப்பைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எதை வைத்துக்கொண்டார்? எதை மாற்றினார்? மாற்றியதால் பாத்திரம் எதைப் பெற்றது, எதை இழந்தது? மூன்றாவதற்கு விடை இருந்தால், அதுவே உங்கள் கட்டுரையின் மையக்கருத்து.

சரி, எங்கிருந்துதான் ஆரம்பிப்பது? பாகான் செராய் பக்கம் தோட்டத்து வீடுகளில் கையில் கிடைத்த இதழை, அது எத்தனையாவது என்று பார்க்காமல்தான் படித்தார்கள். பல இதழ்களில் முதல் பக்கமே இருக்காது. ஆனாலும் கதை புரிந்தது, ஆளும் மனத்தில் நின்றார். நல்ல கதை எந்தப் பக்கத்தில் திறந்தாலும், அந்த ஆள் யார், அவருக்கு எது முக்கியம் என்பதைச் சொல்லிவிடும். கையிலிருப்பதைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். பிடித்துப்போனால் முன்கதையை அவர்களே தேடிப் போவார்கள். அந்தத் தேடலும் வாசிப்புதான்.