போர் வரலாறும் போர்ப் புனைவும்: ஸலாஹுத்தீனைப் படிக்கும் முறை

போர்க் கதை கேட்பதில் மனிதனுக்குள்ள வேட்கை தணியாதது. அரபுலகம் அந்தராவின் வீரக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு மகிழ்ந்தது. தமிழ் முஸ்லிம் புலவர்கள் 'படைப்போர்' என்றே ஓர் இலக்கிய வகையை ஆக்கித் தந்தனர். இவ்வேட்கை குற்றமன்று. ஆயின், கதைக்குரிய இன்பத்தை வரலாற்றிடம் எதிர்பார்ப்பதும், வரலாற்றுக்குரிய நம்பிக்கையைக் கதையின்மீது வைப்பதும் பிழையாகும். இப்பிழை நம்மவரிடையே மிகுதியாக நேர்வது சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியைப் பற்றிய வாசிப்பில்தான் என்பது நம் துணிபு.

அவரது போர்களை அறிவதற்கு அரபியில் மூன்று நூல்கள் தலையாயவை. சுல்தானின் எழுத்தரான இமாதுத்தீன் அல்இஸ்பஹானீ, பைத்துல் முகத்தஸ் வெற்றியைப் பற்றிய தம் நூலை எதுகை நிறைந்த ஸஜ்உ நடையில் யாத்தார். கி.பி. 1188இல் சுல்தானின் பணியிற் சேர்ந்து படையின் காழியாக விளங்கிய பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத், உடனிருந்து கண்டவற்றை எளிய நடையில் எழுதினார். மூன்றாமவர் 'அல்காமில்' தந்த இப்னுல் அஸீர். மோஸுலின் ஸங்கீ மரபினர்பால் பற்றுடைய அவர், ஸலாஹுத்தீனின் வெற்றியைப் போற்றுவார். ஸூர் நகரில் எதிரிகள் திரள இடமளித்த குறையையும் மறையாமற் சுட்டுவார். ஒருவர் அலங்கரிக்கிறார், ஒருவர் அன்பு செலுத்துகிறார், ஒருவர் சற்று விலகி நிற்கிறார். மூவரையும் ஒருசேரப் படிப்பவருக்கே உண்மை புலப்படும்.

ஹிஜ்ரி 583, கி.பி. 1187 ஜூலையில் நிகழ்ந்த ஹித்தீன் போரை நோக்குவோம். மேடைப் பேச்சுகளிலும் கதைகளிலும் அது வாள் வீச்சின் வெற்றி. வரலாற்றில் அது பெரிதும் தண்ணீரின் வெற்றி. பிராங்கியப் படை ஸஃப்பூரிய்யாவின் ஊற்றுகளை விட்டுக் கோடை வெயிலில் தபரிய்யா நோக்கிப் புறப்பட்டது. ஏரிக்குச் செல்லும் வழியை முஸ்லிம் படை அடைத்து நின்றது. காய்ந்த புல்லில் வைத்த தீயின் புகை எதிரிகளின் தாகத்தை மேலும் பெருக்கிற்று. அந்நிலையிலும் வெற்றி எளிதில் வந்துவிடவில்லை. களத்திலிருந்த சுல்தானின் மகன் அல்அஃப்ளல் கூறியதாக இப்னுல் அஸீர் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். எதிரிகள் பின்வாங்கக் கண்டு மகன் மகிழ்ந்து கூவினார். அரசனின் கூடாரம் வீழும்வரை வெற்றி இல்லையெனத் தந்தை அவரை அடக்கினார். அக்கூடாரம் வீழ்ந்தபோது சுல்தான் குதிரையினின்று இறங்கி ஸஜ்தாச் செய்து அழுதார். இதனினும் உயர்ந்த காட்சியை எந்தப் புனைவாசிரியன் படைத்துவிட முடியும்?

அதே போரின் அடுத்த பக்கம் கடினமானது. சிறைப்பட்ட மன்னருக்குக் குளிர்ந்த நீர் அளித்த சுல்தான், கோயில் வீரர், மருத்துவமனை வீரர் எனப்படும் இரு துறவுப் படையினரைக் கொல்ல ஆணையிட்டார். படையுடன் வந்திருந்த ஆலிம்களும் ஸூஃபிகளும் அதனை நிறைவேற்ற முன்வந்ததை இமாதுத்தீன் பெருமிதத்துடனேயே வருணிக்கிறார். சிலர் செம்மையாய் வெட்டினர், சிலர் தடுமாறி நகைப்புக்கிடமாயினர், மறுத்தவர்கள் பொறுத்துக் கொள்ளப்பட்டனர் என்பது அவர் தரும் செய்தியின் சாரம். வகுப்பில் இப்பகுதியை நாமே பல்லாண்டு தாண்டிச் சென்றதுண்டு. ஒருமுறை ஒரு மாணவர், "உஸ்தாத், இப்பக்கம் ஏன் விடுபட்டது?" என வினவினார். விடை கூற நம்மால் இயலவில்லை.

கி.பி. 1191இல் அக்காவில் முஸ்லிம் கைதிகளை மன்னர் ரிச்சர்ட் கொன்று குவித்ததை மட்டும் உரத்துப் படிப்போமாயின், அது வரலாறு கற்பித்தல் ஆகாது. ஏறத்தாழ 3,000 பேர் மாண்ட அந்நிகழ்ச்சியை எழுதும்போதும் இப்னு ஷத்தாத் நிதானம் இழக்கவில்லை. பழிக்குப் பழி என்றொரு காரணமும், அஸ்கலான் நோக்கிச் செல்பவர் இத்துணைக் கைதிகளைப் பின்னே விட்டுச்செல்ல விரும்பவில்லை என்றொரு காரணமும் கூறப்பட்டதைச் சொல்லி, உண்மையை அல்லாஹ்வின் அறிவுக்கே விட்டுவிடுகிறார்.

இனிப் புனைவுக்கு வருவோம். வால்டர் ஸ்காட் கி.பி. 1825இல் வெளியிட்ட 'தி டாலிஸ்மன்' நாவலில் ஸலாஹுத்தீன் மருத்துவராக மாறுவேடம் பூண்டு ரிச்சர்டின் நோயைத் தீர்க்கிறார். மெய்யாக அவ்விருவரும் ஒருபோதும் சந்தித்ததில்லை. ரிச்சர்ட் நேரிற் பேசியது சுல்தானின் தம்பி அல்ஆதிலுடன்தான். எனினும் நோயுற்ற ரிச்சர்ட் பழங்களும் பனியும் வேண்ட, சுல்தான் அனுப்பிவைத்தார் என்பது இப்னு ஷத்தாத் தரும் செய்தி. தூதர் போக்குவரவால் எதிரி முகாமின் நிலையை அறிவதும் சுல்தானின் நோக்கமாயிருந்தது என அவர் உடனே சேர்த்துரைக்கிறார். பண்பும் போர்த் தந்திரமும் ஒரே தட்டில் சென்றன. புனைவு பழத்தை எடுத்துக்கொண்டு தந்திரத்தை விட்டுவிட்டது. ஸ்காட்டின் சித்திரம் நமக்கு உவப்பானது என்பதாலேயே அதனைச் சான்றாகக் காட்டுதல் தகாது.

கெய்ரோவில் 'அல்ஹிலால்' இதழை நிறுவிய ஜுர்ஜீ ஸைதான், இஸ்லாமிய வரலாற்றை நாவல் வரிசையாகவே எழுதினார். ஸலாஹுத்தீனும் அவற்றுள் இடம்பெற்றார். வாசகர் வரலாற்றைத் தொடர்ந்து படிக்கவே காதற் கதையைப் பின்னினார். அதனால் பயன் இல்லாமலில்லை. ஆனால் படித்து முடித்தவர் நெஞ்சில் எஞ்சுவது பெரும்பாலும் காதலர் கதியே, காலத்தின் கதியன்று.

நம் முன்னோர் இதில் விழிப்புடனிருந்தனர். போர்ச் செய்திகளில் ஆதாரத் தொடர் நலிவுற்றிருப்பதை இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அன்றே எச்சரித்தார். படையெண்ணிக்கையைப் பெருக்கிக் கூறும் வழக்கத்தை இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வின் தொடக்கத்திலேயே கண்டித்தார். அத்துணைப் படை அந்நிலத்தில் அணிவகுக்க இடமுண்டா என வினவுவதே அவர் முறை. ஹதீஸைப் பயிலும்போது அறிவிப்பாளரை ஆராயும் நாம், போர்க் கதையைக் கேட்கும்போது மட்டும் அக்கலையை மறந்துவிடுகிறோம்.

புனைவை விலக்க வேண்டுமென நாம் கூறவில்லை. ஆர்வத்தை அதனிடம் பெறுக. தீர்ப்பை மூலநூல்களிடம் கேட்க. ஹித்தீனின் ஸஜ்தாவையும் அதையடுத்த வாளையும் ஒருங்கே படிக்கத் துணிந்தவரே ஸலாஹுத்தீனை அறிந்தவராவார். இப்போது வகுப்பில் அப்பக்கத்தை நாம் தாண்டுவதில்லை.