ரொட்டிக்காரரின் கல்லறை

யூரிசாசெஸின் கல்லறையை முதன்முதலில் புகைப்படத்தில் பார்த்தபோது ஏதோ சலவைக் கடை என்றுதான் நினைத்தேன். சுவர் முழுக்க வரிசையாக வட்ட ஓட்டைகள், வாஷிங் மெஷின் வாய் மாதிரி. ரோம் நகரின் போர்த்தா மஜ்ஜோரே வாசலையொட்டி நிற்கும் இந்தக் கல்லறை பொ.ஆ.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அந்த ஓட்டைகள் மாவு பிசையும் தொட்டிகளா, தானியம் அளக்கும் கலங்களா என்று அறிஞர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. கல்வெட்டில் குழப்பமில்லை: இது மார்க்கஸ் வெர்கிலியஸ் யூரிசாசெஸ் என்பவருடையது, ரொட்டிக்காரர், கான்ட்ராக்டர்.

இதைப் புதுப்பணக்காரரின் அலட்டல் என்று ஒதுக்குகிற வழக்கம் உண்டு. உடனே பெட்ரோனியஸின் நாவலில் வரும் திரிமால்கியோவை இழுத்துவருவார்கள். விருந்துக்கு நடுவே தன் கல்லறை எப்படி இருக்க வேண்டும் என்று விவரிக்கும் அந்தப் பணக்காரனை. யூரிசாசெஸும் அவனைப் போலவே விடுதலை பெற்ற அடிமையாக இருந்திருக்கலாம் என்பது பரவலான ஊகம். சரி, அலட்டல்தான். ஆனால் எதைக் காட்டி அலட்டுகிறார்?

மேலே ஓடும் சிற்பப் பட்டையைப் பாருங்கள். தானியம் வந்து சேர்கிறது. கழுதைகள் திரிகையைச் சுற்றுகின்றன. ஒருவர் சல்லடையில் சலிக்கிறார். இன்னொரு பக்கம் விலங்கு ஒன்று சுற்றிவர, தொட்டியில் மாவு பிசைபடுகிறது. நீள மேசைகளில் ஆட்கள் உருண்டை பிடிக்கிறார்கள். குவிமாட அடுப்புக்குள் ஒருவர் நீளத் துடுப்பை நீட்டுகிறார். பிறகு பெரிய தராசு, கூடைகள், மேற்பார்வைக்கு டோகா அணிந்த பெரிய மனிதர்கள். போர் இல்லை, தெய்வம் இல்லை. ஒரு வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்பதே இங்கே கதை. கல்லறைக்கு அருகே கிடைத்த ஒரு கல்வெட்டில், கணவர் தன் மனைவி அதிஸ்தியாவின் உடலில் எஞ்சியதெல்லாம் இந்த ரொட்டிக் கூடைக்குள் இருக்கிறது என்கிறார். அந்தக் கணவர் யூரிசாசெஸ்தான் என்பது பலரின் கருத்து. சிரிப்பதா கலங்குவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது பக்கத்தில் நிற்கும் வாசல். பொ.ஆ. 52இல் கிளாடியஸ் முடித்த இரண்டு நீர்க்கால்வாய்கள் இந்த வளைவுகளின் தலைமேல்தான் நகருக்குள் வந்தன. பிரமாதமான பொறியியல், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது? கிளாடியஸ் தன் சொந்தச் செலவில் கொண்டுவந்தார் என்று. பொ.ஆ. 38இல் வேலையை ஆரம்பித்த கலிகுலாவின் பெயர் அங்கே இல்லை. கீழே 71இல் வெஸ்பாசியன்: ஒன்பது வருடம் தண்ணீர் நின்றுபோயிருந்ததாம், சொந்தச் செலவில் சரிசெய்தாராம். அதற்கும் கீழே 81இல் டைட்டஸ், அவரும் சொந்தச் செலவில்! மூன்று பேரரசர்கள், ஒரே பல்லவி. கல் சுமந்த ஒரு கைகூட அந்த வாசலில் செதுக்கப்படவில்லை.

அதனால் ரொட்டிக்காரர் பக்கம் சாய்ந்தேன். கொஞ்ச நாள் கழித்துதான் உறைத்தது, அவர் பட்டையிலும் பெயர் ஒன்றே ஒன்றுதான். மாவு சலிப்பவர்களில் பலர் அவருடைய அடிமைகளாகவே இருந்திருப்பார்கள். தானே ஒருகாலத்தில் அடிமையாக இருந்தவர் என்ற ஊகம் உண்மையானால், இது இன்னும் மோசம். கைகளைச் செதுக்கச் சொன்ன மனிதருக்குப் பெயர்களைச் செதுக்கச் சொல்லத் தோன்றவில்லை. இதைச் சொல்லாமல் அந்தக் கல்லறையை உழைப்பின் காவியம் என்று கொண்டாடுபவர்களோடு என்னால் சேர முடியாது.

ஆனாலும் வாசலும் கல்லறையும் எனக்கு ஒன்றில்லை. கிளாடியஸின் வாசலில் நான் தேட ஆளே கிடையாது. இங்கே ஆள் இருக்கிறார், பெயர்தான் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொனோரியஸ் காலத்துக் கோட்டைக் கட்டுமானம் இந்தக் கல்லறையை அப்படியே விழுங்கிவிட்டது. 1838இல் அதை இடித்தபோதுதான் உள்ளேயிருந்து வெளியே வந்தது. கிழக்குப் பக்கம் போய்விட்டது. மற்ற பக்கங்களில், அடுப்பு முன்னால் நிற்பவர் துடுப்பை இன்னும் வெளியே எடுக்கவில்லை.