வண்டியை விட்டு இறங்காதவர்கள்

ஆப்பிரிக்க சஃபாரி பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக்கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. காலை நாலரைக்கு எழுப்பிவிடுவார்கள். குளிர் எலும்பைத் தொடும். திறந்த ஜீப்பில் ஆளுக்கொரு கம்பளி தருவார்கள். வழிகாட்டி நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருப்பார். முதலில் இம்பாலா மான்கள், பிறகு ஒட்டகச்சிவிங்கி, பிறகு ஒன்றுமே இல்லாத இரண்டு மணிநேரம். சரி, திரும்பிவிடலாம் என்னும்போது ரேடியோ கரகரக்கும். வண்டி பறக்கும். சிங்கம்! எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். சிங்கம் கொட்டாவி விடும். இயற்கையின் முன் மனிதன் எவ்வளவு சின்னவன் என்று கடைசிப் பத்தியில் எழுத்தாளருக்குத் தோன்றும்.

கிண்டல் செய்ய எனக்குப் பெரிய தகுதி இல்லை. நானே ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். வேலை நிமித்தம் மூன்று மாதம் ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்தபோது ஒரு நீண்ட வாரயிறுதியில் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போனோம். திரும்பி வந்து ஒரே மூச்சில் எழுதி, சேலத்தில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பினேன். நன்றாக இருக்கிறதென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "வண்டி ஓட்டுனவரு பேரு என்னடா?"

தெரியவில்லை. மூன்று நாள் அந்த மனிதரின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறேன். முதல் நாள் பேரைச் சொல்லித்தான் கைகொடுத்தார். சிங்கத்தின் பிடரி மயிருக்கு நான் எழுதியது பதினொரு வரி. அவருக்கு, 'எங்கள் வழிகாட்டி'.

அந்தக் கட்டுரை இன்னும் டிரைவில் கிடக்கிறது. அதை ஏன் எங்கும் அனுப்ப முடியவில்லை என்று யோசித்ததில் வந்ததுதான் இது.

சஃபாரி என்ற சொல் அரபியின் 'சஃபர்' வழியாக சுவாஹிலிக்குப் போய் அங்கிருந்து உலகத்துக்கு வந்தது. பொருள், பயணம். நம் ஊரில் முதலில் வந்து சேர்ந்தது சஃபாரி சூட்தான். எண்பதுகளில் சேலம், நாமக்கல் பக்கம் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் லாரி முதலாளிகளும் தலைமையாசிரியர்களும் சாம்பல் நிற சஃபாரியில் நிற்பார்கள். வேட்டைக்காரனின் உடுப்பு என்று யாருக்கும் தெரிந்திருக்காது. 'பிக் ஃபைவ்' என்பதும் வேட்டைக்காரனின் சொல்தான். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை: நடந்து போய்ச் சுடுவதற்கு மிகக் கடினமானவை, ஆபத்தானவை என்று துப்பாக்கிக்காரர்கள் போட்ட பட்டியல். இன்று சுற்றுலாப் பயணி அதைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடிக்கிறான். நானும் அடித்தேன். நாலுதான் கிடைத்தது. சிறுத்தை சிக்காதது அன்று ஒரு துக்கமாகவே இருந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

க்ரூகர் ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர். சேலம், நாமக்கல் மாவட்டங்களைச் சேர்த்தாலும் அதில் பாதி வராது. 1898இல் வேட்டைக்காப்பகமாகத் தொடங்கி 1926இல் தேசியப் பூங்கா ஆனது. சொந்தக் காரிலேயே சுற்றலாம். தார்ச்சாலையில் ஐம்பது, மண்சாலையில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான விதி, குறிப்பிட்ட இடங்கள் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. பாதுகாப்புக்கான விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த விதி ஒரு இலக்கிய வடிவத்தையும் சேர்த்தே உண்டாக்கிவிட்டது என்பதுதான் என் வாதம். இறங்காதவனுக்குக் காடு சன்னல் சட்டத்துக்குள் வரும் ஒன்று. அவன் பார்க்கும் விலங்குக்கு நேற்று கிடையாது, நாளையும் கிடையாது. அது யாருடைய சோளத்தைத் தின்றது, யாருடைய மாட்டை அடித்தது என்பதெல்லாம் வேலிக்கு வெளியே நடக்கிற கதை. வேலிக்குள்ளே மனிதர்களே ஆதியிலிருந்து இல்லாததுபோல ஒரு தோற்றம்.

இருந்தார்கள். முதல் வார்டனான ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹாமில்டன் உள்ளே குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தியவர். சோங்கா மக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஸ்குகுசா'. துடைத்து எடுப்பவன் என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். பூங்காவின் தலைமை முகாமுக்கு இன்று அதுதான் பெயர். நான் அங்கே காபி குடித்தேன், குளிர்பதன டப்பாவில் ஒட்டும் காந்தம் வாங்கினேன், பெயர்ப்பலகை முன்னால் படம் எடுத்துக்கொண்டேன். வடகோடியில் பாஃபுரி பகுதியில் இருந்த மகுலேகே மக்களை 1969இல் வெளியேற்றினார்கள். நிறவெறி அரசு போன பிறகு, 1998இல், அந்த நிலம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அவர்கள் அங்கே குடியேறாமல், காட்டைக் காடாகவே வைத்துக்கொண்டு விடுதிகளில் இருந்து வருமானம் பார்க்கும் வழியைத் தேர்ந்தார்கள். எந்தச் சிங்கத்தை விடவும் பெரிய கதை இது. என் கட்டுரையில் ஒரு வரி இல்லை. நான் படித்த தமிழ் சஃபாரிக் கட்டுரைகளிலும் நினைவில் இல்லை.

சரி, இறங்காமல் நல்ல கதை சொல்லவே முடியாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. கல்லூரி விடுதியில் ஒரே கணினியைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்று பார்த்த 'பேட்டில் அட் க்ரூகர்' வீடியோ. 2004 செப்டம்பரில் ஒரு சுற்றுலாப் பயணி எடுத்தது, 2007இல் யூடியூபுக்கு வந்தது. காட்டெருமைக் கன்று ஒன்றைச் சிங்கங்கள் நீரோரம் சாய்க்கின்றன. முதலை ஒரு பக்கம் இழுக்கிறது. எல்லாம் முடிந்தது என்னும்போது எருமைக் கூட்டம் திரும்பி வந்து சிங்கங்களை விரட்டுகிறது, கன்று எழுந்து நடக்கிறது. வெட்டு ஒட்டு இல்லை, பின்னணி இசை இல்லை. தொழில்முறை இயற்கைப் படங்கள் எல்லாவற்றிலும் இது ஏன் மேலானது? வண்டியில் இருப்பவர்களின் குரல் கேட்கிறது. அடுத்து என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியாது. கேமராவைப் பிடித்தவருக்குத் தன் அறியாமையை மறைக்கத் தெரியவில்லை, அதனால் பிழைத்தது.

அதற்கு அடுத்த மாதம், 2004 அக்டோபர் 18 இரவு, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டார். இரண்டுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் என் வயது சேலத்துக்காரர்களுக்குக் காடு என்றால் ஒரே கதைதான் என்பதைச் சொல்ல இது உதவும். மேட்டூர், கொளத்தூர், பாலாறு என்ற பெயர்களெல்லாம் எங்களுக்குச் செய்தித்தாளில் அதிரடிப்படையோடு சேர்ந்தே வந்தன. அதற்கு முன்னால் அந்தக் காட்டுக்கு ஒரு கதைசொல்லி இருந்தான் என்பது பெங்களூருக்கு வேலைக்கு வந்து, ஒரு பழைய புத்தகக் கடையில் கென்னத் ஆண்டர்சனை எடுக்கும்வரை எனக்குத் தெரியாது.

ஆண்டர்சன் 1910இல் பிறந்து 1974இல் இறந்தவர். பெங்களூர்வாசி, விமானத் தொழிற்சாலையில் வேலை. 1954இல் வந்த 'நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்'தான் முதல் வேட்டை நூல். முதல் கதையே ஜவளகிரிப் பெண்புலி. புரட்டியதும் 'சேலம் மாவட்டம்' என்று கண்ணில் பட்டது. அன்றைய சேலம் மாவட்டம் பெரியது. 1965இல் தர்மபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல், 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி. அஞ்செட்டி, பென்னாகரம், முத்தூர், கெம்பகரை, சின்னாறு எல்லாம் அந்த ஒரே சேலத்துக்குள். ஆப்பிரிக்காவுக்குப் போய் சஃபாரி தேடிய எனக்கு, ஓசூர் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் தெரிகிற மலைக்குள் ஒரு முழு சஃபாரி இலக்கியம் இருந்ததென்று முப்பது வயதில் தெரிகிறது.

ஜவளகிரிப் புலியின் கதை எளியது. துணையை இழந்து, மனிதன் கையால் காயமும் பட்டு, ஆட்கொல்லியாகிறது. ஆண்டர்சன் கடைசியில் என்ன செய்கிறார்? ஆண்புலியின் குரலைத் தன் தொண்டையில் வரவழைத்துக் கூப்பிடுகிறார். அது நம்பி வருகிறது. சுடுகிறார். ஏமாற்றிக் கொன்ற கதையை, ஏமாற்றிக் கொன்றேன் என்றே சொல்லிவிடுகிற நேர்மைதான் எனக்கு அவரிடம் முதலில் பிடித்தது. கும்மளாபுரத்துச் சிறுத்தை நாற்பத்திரண்டு பேரைக் கொன்றதாக எழுதுகிறார். அதில் அவரைக் காப்பாற்றுவது ஒரு தெருநாய். அதை வீட்டுக்குக் கூட்டிப்போய் நிப்பர் என்று பேர் வைக்கிறார். ஆண்டர்சனில் நாய்க்கும் பேர் உண்டு.

பைராவுக்கு ஒரு அத்தியாயமே உண்டு. சின்னாற்றங்கரையில் வாழும் பூசாரி இனத்தவர், திருட்டு வேட்டைக்காரர். சட்டப்படி பார்த்தால் குற்றவாளி, ஆண்டர்சனின் எழுத்தில் ஆசிரியர். தடம் பார்ப்பது, காற்றைப் பார்ப்பது, எங்கே பேசக் கூடாது என்பது எல்லாம் அவரிடமிருந்து கற்றது. பிறகு ரங்கா. இவர்கள் நூலுக்கு நூல் திரும்ப வருகிறார்கள். வயதாகிறது, சண்டை போடுகிறார்கள், பொய் சொல்கிறார்கள். ஆண்டர்சனும் காரில் வந்தவர்தான். இறங்கி நடந்தார் என்பதுதான் வேறுபாடு, நடந்தவனுக்குப் பக்கத்தில் நடப்பவன் பேர் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

இதைக் கேட்டு அவரைக் கொண்டாடக் கிளம்பிவிடக் கூடாது. துரைத்தனம் அவரிடம் தாராளமாக இருக்கிறது. கிராமத்துக்காரர்கள் பயந்து நடுங்குவார்கள், துரை வந்தால் வழி பிறக்கும். அத்தனை கதையும் நடந்ததுதானா என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. எனக்கும் சில இடங்களில் திரைக்கதை வாசம் அடிக்கிறது. முக்கியமான குறை வேறு. பைரா காட்டைப் பற்றி நினைத்ததை நாம் ஆண்டர்சனின் ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம். பைராவின் மொழியில் அந்தப் புலி எப்படி இருந்தது? அதை எழுத ஒருவர் அஞ்செட்டியிலோ பென்னாகரத்திலோ இருந்து வந்திருக்க வேண்டும்.

தமிழில் அந்த இடத்துக்கு அருகில் வருபவர் மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன், கறுப்பு வெள்ளையில் மட்டும் படமெடுத்தவர், துப்பாக்கியை நம்பாதவர். புலிக்குக் கொடுத்த அதே கவனத்தைக் காக்கைக்கும் அணிலுக்கும் கொடுத்தார். 'பிக் ஃபைவ்' மனநிலைக்கு அவரை விட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை. ஆனால் அவர் எழுத்தில் மனிதர்கள் ஓரமாகவே நிற்கிறார்கள். விலங்கும் ஆளும் ஒரே பத்தியில் உரசிக்கொள்வது ஆண்டர்சனில் கிடைக்கும் அளவுக்கு அவரிடம் கிடைக்காது.

அந்த உரசல் இன்றும் இருக்கிறது. ஆண்டர்சன் நடந்த காட்டில் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு சரணாலயம் ஆனது, 2022இல் காவிரி தெற்கு. அதே 2022இல் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்க்க சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆலம்பாடி மாடு காட்டில் பட்டி போட்டு வளர்ந்த இனம். மாட்டுக்காரர் வெளியே, சரணாலயம் உள்ளே. மகுலேகே கதையை நான் க்ரூகரில் தவறவிட்டதற்கு ஒரு காரணம், இங்கேயும் அதைக் கவனிக்காமல் இருந்ததுதான் என்று நினைக்கிறேன். காடு வேண்டும், விலங்கு பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதற்கு விலை கொடுப்பது யார் என்று கேட்காத எழுத்தோடுதான் சண்டை.

2023இல் பரமத்தி வேலூர்ப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்று கூண்டு வைத்தார்கள். எங்கள் உறவினர் வாட்ஸப் குழுவில் குரல்பதிவுகள் குவிந்தன. பாதி புளுகு. ஆனால் ஒவ்வொன்றிலும் யார் தோட்டம், எந்த வாய்க்கால், ஆடு யாருது, சினையா இல்லையா, எத்தனைக்கு விலை கேட்டிருந்தார்கள் என்ற விவரம் இருந்தது. சிறுத்தையை யாரும் வர்ணிக்கவில்லை. க்ரூகரில் எனக்குச் சிக்காத அதே விலங்கு இங்கே வாழைக்குள் நுழைந்து ஒரு குடும்பத்தின் கணக்கைக் கலைத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகும், ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. பெரியப்பா மகன் அண்ணன் ஒருவர் அப்படி ஜாம்பியாவில் நாலு வருஷம் போர் போட்டவர். க்ரூகர் படங்களைக் காட்டியபோது மரியாதைக்கு ரெண்டு மூன்று தள்ளிப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"யானையப் பாக்கறதுக்கா தம்பி காசு கட்டிப் போனீங்க? எங்குளுக்கு அது ராத்திரி வந்து கேசிங் பைப்ப மிதிச்சுப்போட்டுப் போயிரும். அங்கத்த சனம் மொளகாயையும் சாணியையும் பெசஞ்சு காய வெச்சுருப்பாங்க. மக்காச்சோளக் காட்டு ஓரமா அதப் பத்த வெச்சா அந்தக் காட்டமான பொகைக்கு யான வராது. ஒருத்தன் ராவெல்லாம் முழிச்சுட்டு அதப் பாத்துக்குவான். நம்ம ரிக்குக்கும் சேத்து அவந்தான் காவல்."

இதில் சிங்கம் இல்லை, சூரிய அஸ்தமனம் இல்லை. ஆனால் தெற்கு ஆப்பிரிக்கப் பக்கத்து விலங்குகளைப் பற்றித் தமிழில் நான் கேட்டவற்றில் இதுதான் எனக்கு மறக்கவில்லை. அண்ணன் எழுதமாட்டார். எழுதச் சொன்னால் சிரிப்பார். ஆண்டர்சன் பைராவின் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி யாராவது அவர் பக்கத்தில் உட்கார வேண்டும், இந்த முறை அவர் பேசுகிற மொழியிலேயே.

போன வாரம் போனில் கேட்டேன், அந்தக் காவல்காரர் பேரென்னங்கண்ணா என்று.

"பேரா? நாங்க கூப்புட்டது ஒண்ணு, அவன் பேரு ஒண்ணு. இரு, நம்பர் இருக்குது. பொங்கலுக்குக்கூட மெசேஜ் போட்டுருந்தான். அனுப்பட்டா?"